‘ஃபமிலியர்’: தெரிந்ததற்கும் பழகியதற்கும் நடுவே ஒரு சொல்

‘இவரை எனக்குத் தெரியும்’ என்பதற்கும் ‘இவரை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் பேசுகிற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதல் வாக்கியத்தைச் சொல்கிறவரிடம் அடுத்து ஒரு கேள்வி கேட்கலாம்: யார் அவர், என்ன செய்கிறார், எப்படிப் பழக்கம்? இரண்டாவது வாக்கியத்தைச் சொல்கிறவரிடம் அப்படிக் கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. அவருக்குப் பெயர் தெரியாது, இடம் தெரியாது, காலமும் தெரியாது. ஆனாலும் அந்த முகம் தமக்குப் புதியதில்லை என்பதில் மட்டும் அவருக்கு ஐயம் இருக்காது. ஆங்கிலத்தின் ‘ஃபமிலியர்’ என்ற சொல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் குடியிருக்கிறது. ஆனால் அங்கேயே தங்கிவிடுவதில்லை. ஒரு துறையில் தேர்ச்சி, ஒருவரோடு நெருக்கம், ஒருவரிடம் அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ளும் உரிமை, சூனியக்காரியின் காலடியில் கிடக்கும் பேய்ப்பூனை என்று அது போகும் தூரம் அதிகம்.

அகராதியைத் திறந்தால் ‘நன்கு தெரிந்த, பழக்கமான, பரிச்சயமான, நெருங்கிய’ என்று நான்கு சொற்கள் ஒரே வரியில் கிடைக்கின்றன. நான்கும் சரியானவையே. ஆனால் எந்த இடத்தில் எது என்பதை அந்த வரி சொல்வதில்லை. அதைச் சொல்லாததால் தமிழ் வழியாக ஆங்கிலம் கற்கிறவர்கள் இந்தச் சொல்லைத் ‘தெரியும்’ என்பதன் கொஞ்சம் நாகரிகமான வடிவமாக எடுத்துக்கொள்கிறார்கள். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் இந்தக் குழப்பத்தை நான் தொடர்ந்து பார்க்கிறேன். இது சிறிய குழப்பம் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘ஃபமிலியர்’ என்ற சொல் ஒருவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை அளந்து சொல்வதே இல்லை. ஒரு பொருளோ முகமோ இடமோ அவருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அதன் இலக்கணமும் அதன் மரியாதைச் சிக்கல்களும் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

முதலில் உச்சரிப்பு. குடும்பத்தைக் குறிக்கும் ‘ஃபேமிலி’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு, அதன் முடிவில் ‘அர்’ சேர்த்து, ‘ஃபேமிலியர்’ என்று பலர் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசையில் விழுவதில்லை, இரண்டாம் அசையாகிய ‘மி’யில் விழுகிறது, அதனால் முதல் அசையின் உயிர் தேய்ந்து ‘ஃப’ என்று மங்கலாக ஒலிக்கிறது. பெயர்ச்சொல் வடிவமான ‘ஃபமிலியாரிட்டி’யில் அழுத்தம் இன்னும் தள்ளிப்போய் ‘யா’வில் விழும். எழுத்துக்கூட்டல் குடும்பத்தை நினைவூட்டினாலும் ஒலி விலகி நிற்கிறது என்பதை மட்டும் மனத்தில் கொண்டால் போதும்.

பிறப்பில் அது விலகி நிற்கவில்லை. லத்தீனில் ‘ஃபமுலுஸ்’ என்றால் பணியாள், அடிமை. அதிலிருந்து வந்த ‘ஃபமிலியா’ என்பது ஒரு வீட்டின் தலைவருடைய ஆளுகைக்கு உட்பட்ட எல்லாரையும், குறிப்பாக அந்த வீட்டின் அடிமைகளையும் பணியாளர்களையும், குறித்தது. இன்று குடும்பம் என்றவுடன் தாயும் தந்தையும் பிள்ளைகளும் நம் நினைவுக்கு வருகிறார்கள். ரோமானியருக்கு அந்தச் சொல் முதலில் நினைவூட்டியது வீட்டில் வேலை செய்கிறவர்களை. ஆங்கிலத்துக்கு இச்சொல் 15ஆம் நூற்றாண்டுவாக்கில் வந்தபோதும் வீட்டுப் பணியாளர்கள் என்ற பொருளோடுதான் வந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் என்ற குறுகிய பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. ‘ஃபமிலியா’விலிருந்து ‘ஃபமிலியாரிஸ்’, அதாவது வீட்டைச் சேர்ந்தது என்ற பெயரடை உண்டாகி, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தது. அப்போது அதன் பொருள் ‘தெரிந்த’ என்பதில்லை. ‘வீட்டு மனிதரைப் போன்ற, நெருங்கிய’ என்பதே பொருள். ஒரே கூரையின் கீழ் புழங்குகிறவர்களுக்கு இடையே உள்ள உறவை அது குறித்தது. அவ்வாறு வீட்டுக்குள் புழங்கிப் புழங்கிக் கண்ணுக்குப் பழகிப்போனது என்ற பொருள் அதன் பிறகுதான் கிளைத்தது.

தமிழ் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்திருக்கிறது. ‘பழகு’, ‘பழக்கம்’ என்பவை ‘பழ’ என்ற அடியோடு, அதாவது ‘பழைய’, ‘பழமை’ ஆகிய சொற்களோடு உறவுடையவை. ஆங்கிலச் சொல் ஒரே வீட்டில் இருந்ததால் நெருக்கமானது என்கிறது. தமிழ்ச் சொல் நாளாகி நாளாகிப் பழையதானதால் நெருக்கமானது என்கிறது. ஒன்று இடத்தைக் காரணம் காட்டுகிறது, மற்றது காலத்தைக் காரணம் காட்டுகிறது. இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி இன்பத்துக்காக மட்டும் அறிய வேண்டியதன்று. ‘பழக்கம்’ காலத்திலிருந்து பிறந்தது என்பதால் அது திரும்பத் திரும்பச் செய்யும் செயலுக்கும் பொருந்துகிறது: அதிகாலையில் எழும் பழக்கம், நகம் கடிக்கும் பழக்கம். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்னும்போது பயிற்சியையும் அதே சொல் தாங்குகிறது. ‘ஃபமிலியர்’ இவற்றில் எதையும் தாங்காது. வீட்டிலிருந்து பிறந்த அந்தச் சொல்லுக்கு அருகில் இருப்பதைச் சொல்லத் தெரியும்; செய்து செய்து கை படிவதைச் சொல்லத் தெரியாது. தமிழில் பழக்கம் என்று வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் ‘ஃபமிலியர்’ போட முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.

பேய்ப்பூனைக்கு வருகிறேன். ஐரோப்பாவில் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் பூனை, நாய், தேரை போன்ற வடிவில் ஏவல் ஆவிகள் இருந்ததாக நம்பப்பட்டது. அந்த ஆவிக்கு ஆங்கிலத்தில் ‘ஃபமிலியர்’ என்றே பெயர். இங்கே அது பெயரடையாக நிற்காமல் பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1604இல் இங்கிலாந்தில் வந்த சூனியச் சட்டம் தீய ஆவிகளை வைத்துப் பேணுவதையும் அவற்றுக்கு உணவளிப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1611இல் வெளியான ஆங்கில வேதாகமத்தில் சவுல் மன்னன் இரவில் தேடிப்போகும் எந்தோர் ஊர்ப் பெண்ணிடம் ஒரு ‘ஃபமிலியர் ஸ்பிரிட்’ இருந்ததாக வருகிறது. தமிழ் வேதாகமத்தில் அந்தப் பெண் ‘அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீ’. பேய்க்கு எதற்காகக் குடும்பச் சொல் என்று வியப்பவர்கள் லத்தீன் மூலத்துக்குப் போனால் வியப்பு தீர்ந்துவிடும்: அது வீட்டுப் பணியாள். எஜமானியின் வீட்டிலேயே இருந்து, அவள் கையால் உண்டு, அவள் ஏவியதைச் செய்கிறது. நம் குட்டிச்சாத்தானும் ஏறக்குறைய அதே பணியைத்தான் செய்கிறது. ‘ஃபமுலுஸ்’ என்ற பழைய பொருள் ஏறத்தாழ அப்படியே உயிரோடு எஞ்சியிருப்பது இந்தப் பேய்க்கதையில்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி இலக்கணம். இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் தமிழர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பான்மை இங்கேதான் விளைகிறது. இச்சொல்லின் பின்னால் இரண்டு முன்னிடைச்சொற்கள் வரலாம். ‘ஐ ஆம் ஃபமிலியர் வித் திஸ் சாஃப்ட்வேர்’ என்றால் ஆள் முன்னால், பொருள் பின்னால். ‘திஸ் சாஃப்ட்வேர் இஸ் ஃபமிலியர் டு மீ’ என்றால் பொருள் முன்னால், ஆள் பின்னால். செய்தி ஒன்றுதான், எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதுதான் மாறுகிறது. ஆனால் ‘ஐ ஆம் ஃபமிலியர் டு திஸ் சாஃப்ட்வேர்’ என்று எழுதிவிட்டால், அந்த மென்பொருளுக்கு என்னைத் தெரியும் என்று பொருள்பட்டுவிடும்.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் தமிழின் நான்காம் வேற்றுமையில் போய் முடிகிறது. நாம் ‘நான் தெரிகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘எனக்குத் தெரியும்’ என்கிறோம். பசி, நினைவு, விருப்பம், பழக்கம் ஆகிய எல்லாமே தமிழில் ஒருவருக்கு நிகழ்கின்றன. ஆளின் மேல் ‘கு’ உருபு ஏறுகிறது. ‘எனக்கு இந்த மென்பொருள் பழக்கம்’ என்று மனத்தில் ஓடும் வாக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர், ஆங்கில வழக்கப்படி ‘ஐ’ என்று தொடங்கிவிடுகிறார். ஆனால் அந்தக் ‘கு’ மனத்தை விட்டுப் போகாமல் எங்காவது இறங்க இடம் தேடி, தவறான சொல்லின் முன் ‘டு’வாக இறங்கிவிடுகிறது. இதற்கு நான் கண்ட மருந்து எளியது. தமிழில் ‘கு’ யார்மேல் ஏறுகிறதோ அவருக்கு முன்னால்தான் ஆங்கிலத்தில் ‘டு’ வரலாம். எனக்குப் பழக்கம் என்றால் ‘டு மீ’. மாணவர்களுக்குப் பரிச்சயமான பெயர் என்றால் ‘ஃபமிலியர் டு ஸ்டூடண்ட்ஸ்’. மென்பொருளுக்கும் சட்டத்துக்கும் தெருவுக்கும் ‘கு’ ஏறாது, ஆகவே அவற்றின் முன் ‘டு’வும் வராது, ‘வித்’தான் வரும்.

அப்படியானால் ‘வித்’தின் பின்னால் ஆள் வரலாமா? வரலாம், ஆனால் பொருள் மாறிவிடும் ஆபத்து உண்டு. தமிழில் ‘அவரோடு எனக்குப் பழக்கம் உண்டு’ என்பது கண்ணியமான வாக்கியம். அதை அப்படியே ‘ஐ ஆம் ஃபமிலியர் வித் ஹிம்’ என்று மாற்றினால் ஆங்கிலக் காதுக்குக் கொஞ்சம் இடறும். அவரைப் பற்றி ஓரளவு அறிந்திருக்கிறேன் என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். ‘அளவுக்கு மீறி’ என்று பொருள்படும் ‘டூ’ என்ற ஒரு சிறு சொல் முன்னால் சேர்ந்தால், அவரிடம் மரியாதைக்கு மீறிய சலுகை எடுத்துக்கொண்டேன் என்ற பொருள் வந்துவிடும். பழைய நூல்களில் இது உடல் நெருக்கத்தைக் குறிக்கும் இடக்கரடக்கலாகவும் வந்திருக்கிறது. ஆகவே மனிதரைப் பற்றிச் சொல்லும்போது ‘ஐ நோ ஹிம்’ என்பதே பாதுகாப்பானது. அவருடைய எழுத்தையோ ஆராய்ச்சியையோ பற்றிச் சொல்லும்போது ‘ஃபமிலியர் வித் ஹிஸ் வொர்க்’ என்பது மிக இயல்பாக அமையும். பொருள்களோடு தாராளமாகப் பழகும் இந்தச் சொல், மனிதர்களிடம் வரும்போது எச்சரிக்கையாகிவிடுகிறது.

அக்கம்பக்கத்துச் சொற்களையும் பார்த்துவிடலாம். ‘அக்வெய்ண்டட்’ என்பது அறிமுகம். கைகுலுக்கியிருக்கிறோம், பெயர் தெரியும், அதற்கு மேல் வாக்குறுதி இல்லை. ‘கான்வர்சண்ட்’ என்பது ஒரு பொருளைப் பற்றி உட்கார்ந்து பேசும் அளவுக்குத் தெரிந்திருப்பது. ‘இன்டிமேட்’ என்பது அந்தரங்க நெருக்கம். ‘யூஸ்டு டு’தான் எல்லாரையும் தடுமாற வைப்பது, ஏனென்றால் அதற்கும் தமிழில் பழக்கம் என்றே சொல்கிறோம். இரவுப் பணி செய்யும் செவிலியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தூக்கம் கலைந்த பகல்களும், எல்லாரும் உறங்கும் நேரத்தில் விழித்திருக்கும் களைப்பும் அவருக்கு நன்றாகவே பரிச்சயம். அவற்றோடு அவர் ‘ஃபமிலியர்’. ஆனால் அவருடைய உடல் அதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் அவர் அதற்கு ‘யூஸ்டு டு’ ஆகவில்லை. ஒன்றை அறிந்திருப்பது வேறு, அது நம்மை உறுத்தாத நிலைக்குப் போவது வேறு. ‘எனக்கு அது பழகிவிட்டது’ என்று பெருமூச்சோடு சொல்கிறோமே, அந்தப் ‘பழகிவிட்டது’தான் ‘யூஸ்டு டு’. ‘எனக்கு அது பழக்கமானதுதான்’ என்று தயக்கமில்லாமல் சொல்வது ‘ஃபமிலியர்’. ஒரு வினைமுற்றின் வடிவத்தாலேயே தமிழ் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது.

‘ஃபேமஸ்’ என்ற சொல்லோடு உள்ள வேறுபாடு இதைவிட நுட்பமானது. புகழ் என்பதற்கு யாருடைய துணையும் வேண்டியதில்லை. ஒருவர் புகழ்பெற்றவர் என்று சொல்லி நிறுத்திவிடலாம். பரிச்சயம் அப்படி நிற்காது. யாருக்குப் பரிச்சயம் என்ற கேள்வி, சொல்லப்படாவிட்டாலும், அதன் பின்னால் எப்போதும் நிற்கும். உலகப் புகழ்பெற்ற ஒரு விஞ்ஞானியின் முகம் எனக்குப் பரிச்சயமில்லாமல் இருக்கலாம். நாள்தோறும் அதே பேருந்தில் எதிர் இருக்கையில் அமரும் ஒருவரின் முகம் யாருக்கும் தெரியாததாக இருந்தும் எனக்குப் பரிச்சயமாக இருக்கலாம். இப்படி நாள்தோறும் பார்த்தும் ஒரு சொல்கூடப் பேசாதவர்களுக்கு, அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் எழுதிய கட்டுரையில் ‘ஃபமிலியர் ஸ்ட்ரேஞ்சர்’ என்று பெயரிட்டார். தமிழில் ‘முகம் பழகிய அயலார்’ எனலாம். ‘தெரிந்த அயலார்’ என்று மொழிபெயர்த்தால் அந்தத் தொடரின் உயிரே போய்விடும், ஏனென்றால் அவரைத் தெரியாது என்பதுதான் அங்கே முழுச் செய்தியும்.

உளவியல் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு செய்த வேலை எனக்குப் பெரிய வியப்பைத் தருவது. மொழி உணர்ந்திருந்த வேறுபாடு மூளையிலும் இருப்பதை அது காட்டுகிறது. ஜார்ஜ் மாண்ட்லர் 1980இல் எழுதிய கட்டுரையில் ஒரு எடுத்துக்காட்டு வரும்: பேருந்தில் ஒருவரைப் பார்க்கிறோம், இவரை முன்பே பார்த்திருக்கிறோம் என்ற உறுதி உடனே வருகிறது, யார் என்றுதான் விளங்கவில்லை. மனத்துக்குள் தேடித் தேடி, கடைசியில் அவர் நாம் போகும் கடையின் இறைச்சி வெட்டுபவர் என்று நினைவுக்கு வருகிறது. முதலில் வந்த உறுதிக்குப் பரிச்சய உணர்வு என்று பெயர். பின்னால் வந்த விவரத்துக்கு நினைவுகூர்தல் என்று பெயர். இரண்டும் தனித்தனியாக வந்து சேர்கின்றன. முன்னது வேகமாக வருகிறது, ஆனால் எந்த விவரத்தையும் கையில் எடுத்து வருவதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசஃப் காப்கிராஸ் 1923இல் ஓர் உடன்பணியாளரோடு சேர்ந்து பதிவுசெய்த மனநிலைக் கோளாறு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தக் கோளாறு உள்ளவர், தம் மனைவியையோ தந்தையையோ பார்த்து, முகம் அதேதான், குரலும் அதேதான், ஆனால் இது அவரில்லை, அவரைப் போலவே இருக்கும் வேறொருவர் என்று உறுதியாக நம்புவார். முகம் யாருடையது என்ற அறிவு அப்படியே இருக்கிறது. அந்த முகத்தைக் கண்டவுடன் எழ வேண்டிய நெருக்கம் மட்டும் எழவில்லை என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பேருந்தில் கண்ட மனிதரிடம் அறிவு இல்லாமல் பரிச்சயம் இருந்தது. இங்கே பரிச்சயம் இல்லாமல் அறிவு இருக்கிறது. ‘ஃபமிலியர்’ என்பதைத் ‘தெரியும்’ என்று மொழிபெயர்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா என்று தோன்றுகிறது.

இரண்டையும் மனம் எவ்வளவு எளிதில் குழப்பிக்கொள்கிறது என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. லாரி ஜேக்கபியும் அவருடைய குழுவினரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், புகழ் ஏதுமற்ற சாதாரணப் பெயர்களின் பட்டியலைச் சிலரைப் படிக்க வைத்தார்கள். மறுநாள் அந்தப் பெயர்களை வேறு பெயர்களோடு கலந்து கொடுத்து, இவற்றில் புகழ்பெற்றவர்கள் யார் என்று கேட்டபோது, முந்திய நாள் படித்த அந்தச் சாதாரணப் பெயர்களையும் புகழ்பெற்றவர்களின் பெயர்கள் என்று எண்ணிவிடும் போக்கு வெளிப்பட்டது. பெயர் பழகியதாகத் தோன்றியது, எங்கே பழகியது என்பது மறந்துவிட்டது, பழக்கத்தைப் புகழென்று மனம் கணக்கு வைத்துக்கொண்டது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கண்ணால் ஓட்டிவிட்டு, எல்லாம் தெரியும் என்று புத்தகத்தை மூடுவதும் இதே குழப்பம்தான். பக்கம் அவருக்கு ‘ஃபமிலியர்’ ஆகியிருக்கிறது. பாடம் தெரியுமா என்பது புத்தகத்தை மூடியபின் எழுதிப் பார்த்தால்தான் தெரியவரும்.

நெருக்கம் அளவு மீறுவதைப் பற்றி முன்பு குறிப்பிட்டேன். ஆங்கிலத்தில் ‘ஓவர்ஃபமிலியர்’ என்றே ஒரு சொல் உண்டு. முதல் சந்திப்பிலேயே தோளில் கை போடுகிறவர், மேலதிகாரியைச் செல்லப்பெயரால் அழைக்கிறவர், கேட்கப்படாத அறிவுரையை உரிமையோடு வழங்குகிறவர் ஆகியோரின் நடத்தையை அது குறிக்கும். தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் தேடுவதைவிட ‘ரொம்ப உரிமை எடுத்துக்கொள்கிறார்’ என்று சொல்வதே இயல்பாக இருக்கிறது. ‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்ற பழமொழியும், ‘தூர இருந்தால் சேர உறவு, கிட்ட இருந்தால் முட்டப் பகை’ என்ற பழமொழியும், நெருக்கம் மதிப்பைக் குறைக்கும் என்று ஆங்கிலத்தில் இதே சொல்லை வைத்து வழங்கும் பழமொழியோடு ஒத்துப்போகின்றன.

ஆனால் தமிழ் அதோடு நின்றுவிடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். திருக்குறளின் 81ஆம் அதிகாரத்துக்குப் ‘பழைமை’ என்று பெயர். அது பழம்பொருளைப் பற்றியதன்று, நெடுநாள் பழகியவர்களிடையே உண்டாகும் உரிமையைப் பற்றியது. ‘நட்பிற் குறுப்புக் கெழுதகைமை மற்றதற்கு உப்பாதல் சான்றோர் கடன்’ என்பது அதன் இரண்டாவது குறள். நண்பர் நம்மைக் கேளாமலே உரிமையோடு ஒன்றைச் செய்வது நட்பின் உறுப்பு, அதற்கு இனிதாக உடன்படுவது சான்றோரின் கடமை என்கிறார் வள்ளுவர். ஆங்கிலப் பழமொழி குறையாகக் காணும் அதே நடத்தையை வள்ளுவர் நட்பின் உறுப்பாகக் காண்கிறார். ‘கெழுதகைமை’ என்ற சொல் இன்று வழக்கில் இல்லையே என்று எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ‘ஃபமிலியாரிட்டி’ என்பதன் நல்ல பக்கத்துக்கு, அதாவது உரிமையோடு கூடிய நெருக்கத்துக்கு, அதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை.

மொழியியலிலும் இச்சொல்லுக்கு ஒரு வேலை இருக்கிறது. முன்னிலைப் பெயர்களில் நீ, நீங்கள் என்று இருவகை இருக்கும் மொழிகளைப் பற்றி எழுதும்போது ‘நீ’ போன்ற வடிவத்தை ‘ஃபமிலியர் ஃபார்ம்’ என்பார்கள். ராஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இந்த இருவகை அழைப்பில் அதிகாரமும் ஒருமைப்பாடும் எப்படிக் கலந்திருக்கின்றன என்று காட்டியது. ‘நீ’ என்பது நெருக்கத்தாலும் வரலாம், தாழ்த்துவதாலும் வரலாம். வேலை செய்பவரையும் உயிர் நண்பரையும் ஒரே சொல்லால் அழைக்கிற அந்த இரட்டைத் தன்மை, பணியாளைக் குறித்த ‘ஃபமுலுஸ்’ நெருக்கத்தைக் குறிக்கும் சொல்லாக வளர்ந்த கதையோடு அழகாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் இருந்த ‘தௌ’ என்ற நெருக்க வடிவம் 17ஆம் நூற்றாண்டில் பொதுப் பேச்சிலிருந்து மறைந்துபோனது. அந்த மொழி பேசுகிறவர்கள் இன்று நெருக்கத்தையும் விலகலையும் பெயர்ச்சொல்லாலும் குரலாலும் காட்ட வேண்டியிருக்கிறது.

அலுவலக ஆங்கிலத்தில் இச்சொல் நடந்துகொள்ளும் முறையை வேலை தேடும் இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. இச்சொல்லுக்குத் தனக்கென்று ஓர் அளவு கிடையாது. முன்னால் வரும் அடைமொழிதான் அளவைத் தருகிறது. ‘வேக்லி ஃபமிலியர்’ என்றால் லேசான பரிச்சயம், ‘தரோலி ஃபமிலியர்’ என்றால் அடிமுதல் நுனிவரை. அடைமொழி ஏதும் இல்லாமல் தன்விவரக் குறிப்பில் ‘ஃபமிலியர் வித்’ என்று ஒரு மென்பொருளின் பெயரை எழுதினால், படிப்பவர் அதைக் குறைந்த அளவாகவே எடுத்துக்கொள்வார்: தொட்டுப் பார்த்திருக்கிறார், தனியாக விட்டால் சமாளிப்பாரா என்று தெரியாது. அந்த வேலை உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றால் ‘ப்ரொஃபிஷண்ட்’ என்றே எழுதுங்கள். அடக்கமாக எழுதுவதாக எண்ணி ‘ஃபமிலியர்’ போட்டு நல்ல வாய்ப்பைக் கைநழுவ விடுவது வேண்டாத இழப்பு.

அதேபோல் ‘ப்ளீஸ் ஃபமிலியரைஸ் யுவர்செல்ஃப் வித் தி ரூல்ஸ்’ என்று ஓர் அறிவிப்பு வந்தால், ஒருமுறை படித்தால் போதும் என்று அதற்குப் பொருளில்லை. தேவைப்படும்போது எந்த விதி எங்கே இருக்கிறது என்று தடுமாறாத அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள் என்பதே வேண்டுகோள். ‘விதிகளை அறிந்துகொள்ளவும்’ என்று வழக்கமாகச் செய்யப்படும் மொழிபெயர்ப்பு அந்தத் தொடர்ச்சியை இழந்துவிடுகிறது. ‘விதிகளைப் படித்துப் பழகிக்கொள்ளவும்’ என்பது நெருங்கி வருகிறது. எதிர்மறையிலும் ஒரு நயம் உண்டு. கூட்டத்தில் ஒருவர் ஏதோ ஒரு திட்டத்தைக் குறிப்பிட்டு உங்கள் கருத்தைக் கேட்கும்போது ‘ஐ டோன்ட் நோ’ என்பது கதவை அடைப்பது போல ஒலிக்கும். ‘ஐ ஆம் நாட் ஃபமிலியர் வித் தட்’ என்றால், அது இன்னும் என் பக்கம் வரவில்லை, நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன் என்ற இடம் திறந்திருக்கும்.

‘ஆல் டூ ஃபமிலியர்’ என்ற தொடரை மொழிபெயர்ப்பதில்தான் எனக்கு இன்னும் முழு நிறைவு கிடைத்ததில்லை. வெள்ளத்தில் வீடிழந்தவர்களைப் பற்றிய செய்தியில், அந்தக் காட்சி அந்த மக்களுக்கு ‘ஆல் டூ ஃபமிலியர்’ என்று வரும். ‘நன்கு பழக்கமான காட்சி’ என்று எழுதினால் அதிலுள்ள வேதனை வராது. ஏதோ இனிய பழக்கம் போலத் தோன்றிவிடும். பழகியிருக்கவே கூடாத ஒன்று பழகிப்போய்விட்டது என்ற துயரம் அந்த ‘டூ’வில் இருக்கிறது. ‘பார்த்துப் பார்த்து அலுத்த காட்சி’ என்றால் சலிப்பு வருகிறது, துயரம் குறைகிறது. ‘அவர்கள் காணாத காட்சியன்று’ என்று எதிர்மறையால் சொல்வதும், ‘அவர்களுக்கு இது முதல் முறையன்று’ என்று சொல்வதும் இப்போதைக்கு எனக்குக் கைகொடுக்கின்றன. இரண்டிலும் பரிச்சயம் என்ற சொல்லே வராமல் அதன் கனம் மட்டும் வந்து சேர்கிறது.

கடைசியாக, ஒரே எழுத்து வேறுபாட்டால் தடுக்கும் ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறேன். ‘ஃபமிலியல்’ என்று முடியும் சொல் குடும்பத்தைச் சார்ந்தது, குடும்பத்தின் வழியே வருவது என்று பொருள்படும். மருத்துவ அறிக்கையில் ‘ஃபமிலியல்’ என்ற அடையோடு கொழுப்பு மிகுதி குறிப்பிடப்பட்டிருந்தால், அது நோயாளிக்குப் பழகிய நோய் என்பதில்லை. பரம்பரையாக வருவது, உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்பதற்கான குறிப்பு. அவசரமாகப் படிக்கும்போது இந்த எழுத்து கண்ணில் படாமல் போகக்கூடும். மற்ற இடங்களில் பொருள் நயம்தான் போகும். இங்கே ஒரு குடும்பம் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனையே தவறிப்போகும் என்பதால், மருத்துவத் தாள்களை மொழிபெயர்க்கிறவர்கள் அந்தக் கடைசி எழுத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்.